'எல்லாம் தெரியும், செய்யத்தான் முடியல': பெரியவர்களையும் விடாத ஏடிஎச்டி; நடத்தை சிகிச்சை எப்படி உதவுகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். அதில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 31 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் பல்லடம் ரோட்டில் பைக்கில் வரும்போதே அன்றைய வேலைகள் மனசுக்குள் வரிசையாக நிற்கின்றன. பையருக்கு மெயில் அனுப்ப வேண்டும். டையிங் யூனிட்டுக்குப் போன் அடிக்க வேண்டும். லேபிளும் பட்டனும் வந்து சேர்ந்ததா என்று ஸ்டோரில் கேட்க வேண்டும்.

சீட்டில் உட்கார்ந்து மெயிலைத் திறக்கிறார். இரண்டு வரி அடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். அதற்குப் பதில் சொல்லப் போய், பழைய சாம்பிள் ஒன்றின் படத்தைத் தேடி, தேடும்போது வேறு ஒரு ஃபைல் கண்ணில் பட்டு, அதைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுகிறார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது. மெயில் டிராஃப்டில் பாதியில் நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு மேனேஜர் கேட்கும்போதுதான் டையிங் யூனிட் ஞாபகமே வருகிறது.

"வேலை தெரியாத ஆளுன்னா பரவாயில்லீங்க. எல்லாம் தெரியும். ஆனா எதையுமே கடைசி நேரத்துலதான் செய்வாப்ல" என்கிறார் மேனேஜர். வீட்டில் மனைவி, "ஏனுங்க, ஈ.பி. பில் கட்டச் சொல்லி மூணு நாளாச்சுங்க. நான் சொல்றது காதுலயே விழறதில்லையா?" என்று கேட்கிறார். அம்மாவோ, "சின்ன வயசுல இருந்தே இவன் இப்படித்தான் சாமி, ஒரு எடத்துல நிக்க மாட்டான்" என்று சிரித்து மழுப்புகிறார்.

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வது ஒரே விஷயத்தைத்தான். இந்த இளைஞர் கற்பனை மனிதர். ஆனால் அவர் படும் பாடு பலருக்கும் பழக்கமானது. அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு, சுருக்கமாக ஏடிஎச்டி.

41 வயதில் தெரியவந்த உண்மை

ஏடிஎச்டி என்றாலே வகுப்பில் உட்காராமல் ஓடும் சிறுவன்தான் நம் நினைவுக்கு வருவான். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றுதான் மருத்துவ உலகமும் நீண்ட காலம் நம்பியது.

2024 மே மாதம் நடிகர் ஃபகத் ஃபாசில் கேரளாவின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் பேசினார். தனக்கு ஏடிஎச்டி இருப்பது 41 வயதில்தான் கண்டறியப்பட்டது என்று அங்கே அவர் சொன்னார். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் இதைக் குணப்படுத்த முடியுமா என்று மருத்துவரிடம் தான் கேட்டதையும் குறிப்பிட்டார். 'விக்ரம்', 'மாமன்னன்' படங்கள் மூலம் தமிழ் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவர் இப்படிச் சொன்னதும், "பெரியவங்களுக்கும் இது இருக்குமா?" என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது.

இருக்கும். உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் 'ஜர்னல் ஆஃப் குளோபல் ஹெல்த்' இதழில் ஒரு மதிப்பீடு வெளியானது. அதன்படி, சிறு வயதில் தொடங்கிப் பெரியவரான பிறகும் ஏடிஎச்டி தொடர்பவர்கள் சுமார் 2.58 சதவீதம். அதாவது நூறு பேர் வேலை பார்க்கும் ஒரு அலுவலகத்தில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம்.

சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சோம்பேறிக்கு வேலையைத் தள்ளிப்போடுவது நிம்மதி. ஏடிஎச்டி உள்ளவருக்கு அது தண்டனை. வேலையைத் தொடங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளுக்குள் குற்ற உணர்ச்சி அரித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் கை நகராது.

இந்தத் துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்துவரும் அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதற்குத் தரும் விளக்கம் எளிமையானது. என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு இவர்களிடம் இருக்கிறது. தெரிந்ததைச் சரியான நேரத்தில் செயலாக மாற்றுவதில்தான் தடங்கல். திட்டமிடுவது, நேரத்தைக் கணிப்பது, ஆசையை ஒத்திப்போடுவது, நினைவில் வைத்துக்கொண்டே வேலை செய்வது போன்றவற்றை மூளையின் நிர்வாகப் பணிகள் என்பார்கள். அந்த நிர்வாகம்தான் இங்கே தடுமாறுகிறது.

இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், ஏடிஎச்டி-யில் மரபணுவின் பங்கு சுமார் 74 சதவீதம் எனக் கணக்கிடுகின்றன. "இவங்க அப்பாரும் இப்படித்தான், ஒரு சோலிய முடிக்காம அடுத்த சோலிக்குப் போயிருவாரு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அறிவியல் இல்லாமல் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "கிரிக்கெட் பாக்கறப்ப மட்டும் மூணு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கானே, அப்ப எங்கே போச்சு இந்த வியாதி?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏடிஎச்டி உள்ளவர்களுக்குக் கவனமே இல்லை என்று அர்த்தமில்லை. கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் ஸ்டியரிங்தான் சரியாகப் பிடிபடுவதில்லை. உடனுக்குடன் சுவாரசியம் தரும் விஷயம் என்றால் அதில் அப்படியே ஒட்டிக்கொள்வார்கள். பலன் பத்து நாள் கழித்து வரும் வேலை என்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவரின் விரிவான நேர்காணல்தான் வழி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு கவனக்குறைவுக்கு ஒன்பது, மிகைச் செயல்பாடு மற்றும் அவசர புத்திக்கு ஒன்பது என அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. 17 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது ஐந்தாவது ஆறு மாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும், வீட்டில் மட்டும் என்றில்லாமல் குறைந்தது இரண்டு இடங்களில் அது வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும்.

அதனால்தான் பழைய ரேங்க் கார்டு இருந்தால் கொண்டு வாருங்கள், அம்மாவையோ அப்பாவையோ அழைத்து வாருங்கள் என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். 'புத்திசாலி, ஆனால் கவனம் போதாது' என்று நான்காம் வகுப்பு டீச்சர் எழுதிய ஒரு வரிகூட இங்கே முக்கியமான சாட்சி.

உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கப்பட்ட ஏஎஸ்ஆர்எஸ் என்ற சுய மதிப்பீட்டுப் படிவத்தில் ஆறு கேள்விகள் கொண்ட சிறிய பகுதி ஒன்று உண்டு. அதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பதில்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அது ஒரு வடிகட்டி மட்டுமே. அதை வைத்து "எனக்கு ஏடிஎச்டி" என்று முடிவு கட்டிவிட முடியாது.

ஏனென்றால் தூக்கமின்மை, தைராய்டு பிரச்சினை, மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் எல்லாமே கவனத்தைச் சிதறடிக்கும். இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு, காலையில் மீட்டிங்கில் கவனம் நிற்கவில்லை என்றால் அதற்குப் பெயர் தூக்கக் கடன். கடந்த வருடம் வரை நன்றாக இருந்து திடீரென மறதி வந்தால், வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

பெண்களிடம் இது இன்னும் தாமதமாகத்தான் தெரிகிறது. வகுப்பில் பெஞ்ச் ஏறிக் குதிக்கும் பையன் எல்லோர் கண்ணிலும் படுவான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கனவு காணும் பெண் குழந்தை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. கல்யாணமாகி வீடு, வேலை, குழந்தையின் ஹோம்வொர்க், மாமியாரின் மாத்திரை எல்லாம் ஒரே தலையில் ஏறும்போதுதான் சமாளிக்க முடியாமல் உடைகிறார்கள். அப்போதும் கிடைக்கும் பட்டம், "பொறுப்பில்லாதவ".

மாத்திரையா, சிகிச்சையா?

மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்ஸெடின் போன்ற மருந்துகள் இந்தியாவில் கிடைக்கின்றன. மருத்துவர் பரிந்துரையில்லாமல் இவற்றைத் தொடக்கூடாது. மெத்தில்ஃபெனிடேட் 'ஷெட்யூல் எக்ஸ்' என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மருந்துச்சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

மருந்து அறிகுறிகளைக் குறைக்கும். ஆனால் முப்பது வருடமாகப் பழகாத டைரியை அது எழுதித் தராது. இரைச்சல் அடங்கிய பிறகும் எதை முதலில் செய்வது, எப்படித் தொடங்குவது என்பதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். 'இன்னைக்கும் சொதப்பிட்டேன்' என்ற பழைய குரலையும் கையாள வேண்டும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, நுழையும் இடம் இதுதான்.

சிபிடி என்றதும் சோபாவில் படுத்துக்கொண்டு சிறு வயதுக் கதை சொல்லும் சினிமாக் காட்சியை நினைக்க வேண்டாம். இது ஏறக்குறைய ஒரு டிரெய்னிங் வகுப்பு. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் 12 அமர்வுகள். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் உண்டு. அமெரிக்காவில் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவும் மேரி சொலாண்டோ குழுவும் பெரியவர்களுக்காக இதை முறைப்படுத்தின. அதன் முக்கியக் கட்டங்களை நம் மெர்ச்சண்டைசரை வைத்தே பார்ப்போம்.

முதல் பாடம்: ஒரே நோட்டு, ஒரே காலண்டர்

இப்போது அவருடைய வேலைகள் வாட்ஸ்அப் ஸ்டார் மெசேஜ், கைப்பேசி நோட்ஸ், மேஜை மேல் ஒட்டிய சீட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதியது என்று பத்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. சிகிச்சையாளர் முதலில் கேட்பது ஒரே ஒரு பட்டியல், ஒரே ஒரு காலண்டர். காகிதமோ ஆப்போ, எதுவானாலும் சரி. தினமும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். காலை டீயோடு சேர்த்துப் பழக்கினால் மறக்காது. புது ஆப் டவுன்லோடு செய்யும் ஆர்வத்தை இங்கே கொஞ்சம் அடக்க வேண்டும். ஏடிஎச்டி உள்ளவர்களின் போனில் பாதியில் கைவிட்ட பிளானர் ஆப்கள் வரிசையாக இருக்கும்.

இரண்டாவது: பின்னாலிருந்து எண்ணுவது

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. ஏற்றுமதி ஆர்டர் வந்தால் 'டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர்' போடுவார்கள். ஷிப்மென்ட் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி பேக்கிங், தையல், கட்டிங், துணி, நூல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வைப்பார்கள். சிபிடி சொல்வதும் இதையேதான். 'வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும்' என்பது ஒரு வேலை அல்ல, அது ஒரு ஆர்டர். சம்பளச் சீட்டை எடுப்பது, பேங்க் ஸ்டேட்மென்ட் இறக்குவது, பத்திர நகல் கேட்டு அப்பாவுக்குப் போன் செய்வது என்று உடைத்தால்தான் அது வேலையாகிறது.

ஒரு வேலையைத் தொடங்கவே முடியவில்லை என்றால் முதல் படி இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். மேலும் உடைக்க வேண்டும். 'ரிப்போர்ட் எழுது' என்பது 'ஃபைலைத் திறந்து தலைப்பை அடி' என்று சுருங்கும் வரை.

மூன்றாவது: கவனத்தை அளந்து பார்ப்பது

சலிப்பான ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, கவனம் சிதறாமல் எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று அளக்கச் சொல்வார்கள். 12 நிமிடம் என்று வந்தால், வேலையையும் 12 நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லையே என்று வருந்துவதை விட இது பயன் தரும்.

இடையில் 'அட, இன்சூரன்ஸ் கட்டணுமே' என்ற நினைப்பு வந்தால் எழுந்து போகக்கூடாது. அதை அடக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். துண்டு முடிந்ததும் அந்த வரியைப் பார்க்கலாம். எழுதும்போது அவசரமாகத் தெரிந்தவற்றில் பல, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அத்தனை அவசரமாக இருக்காது. கவனச்சிதறலைத் தள்ளிப்போடும் இந்த உத்தி இந்தச் சிகிச்சையின் முக்கியமான கருவிகளில் ஒன்று.

நான்காவது: நேரத்தைக் கண்ணில் படவைப்பது

ஏடிஎச்டி உள்ள பலருக்கு நேரம் இரண்டு வகைதான்: இப்போது, இப்போது இல்லை. 'இன்னும் அரை மணி நேரம் இருக்கு' என்பது உடம்பில் உறைக்காது. கோவையில் ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கு ஊதினால் ஊரே மணி தெரிந்துகொண்டது. சமையல், பள்ளிக்கூடம், ஷிஃப்ட் எல்லாம் அந்தச் சத்தத்தை வைத்து நடந்தன. மில் தொழிலாளி நேரத்தை மனசுக்குள் கணக்குப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சிகிச்சையாளர் அமைத்துத் தருவதும் அப்படிப்பட்ட சங்குதான். கண்ணுக்கு நேரே சுவர்க் கடிகாரம், துண்டு நேரத்துக்கு டைமர், கிளம்ப வேண்டிய நேரத்துக்கு முன் இரண்டு அலாரம்.

ஐந்தாவது: உள்ளே பேசும் குரல்

பள்ளியில் தொடங்கி அலுவலகம் வரை திட்டு வாங்கிய ஒருவருக்கு, வேலையைப் பார்த்ததும் முதலில் வருவது 'எப்படியும் சொதப்பப் போறோம்' என்ற நினைப்புதான். அந்த நினைப்பு பயத்தைத் தரும். பயம் வந்தால் போன் கைக்கு வரும். போன் வந்தால் வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போனதும் 'பாத்தியா, சொன்னேன்ல' என்று அதே குரல் திரும்ப வரும்.

எதிர்த்திசையிலும் ஒரு குரல் உண்டு. 'நமக்கு டென்ஷன் இருந்தாத்தான் வேலை ஓடும், கடைசி நாள் பாத்துக்கலாம்.' இதுவும் அதே குழிக்குத்தான் இழுக்கும். இந்த நினைப்புகளை எழுதிவைத்து, உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டு, கொஞ்சம் நிதானமான வாக்கியத்தை அதன் இடத்தில் வைக்கப் பழக்குவதே சிபிடி-யின் 'அறிவாற்றல்' பகுதி.

உண்மையில் பலன் கிடைக்கிறதா?

சாஃப்ரன் குழு 2010-ல் 'ஜாமா' இதழில் வெளியிட்ட ஆய்வில் 86 பேர் பங்கேற்றார்கள். எல்லோரும் ஏற்கனவே மருந்து எடுத்தும் அறிகுறிகள் முழுதாகக் குறையாதவர்கள். ஒரு குழுவுக்குச் சிபிடி, இன்னொரு குழுவுக்கு உடல் தளர்வுப் பயிற்சியும் ஏடிஎச்டி பற்றிய விளக்கமும் தரப்பட்டன. அறிகுறி மதிப்பெண் கணக்கில், சிபிடி குழுவில் 67 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மற்றதில் 33 சதவீதம். அதே ஆண்டு சொலாண்டோ குழு 88 பேரிடம் 12 வாரக் குழுப் பயிற்சி நடத்தியது. நேர மேலாண்மையும் திட்டமிடலும் கற்றவர்கள், வெறும் ஆதரவுக் குழுவில் இருந்தவர்களை விட நன்றாக முன்னேறினார்கள்.

ஆனால் மிகைப்படுத்தவும் கூடாது. 14 ஆய்வுகளை அலசிய 2018 காக்ரேன் தொகுப்பு, குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் சான்றுகளின் தரம் குறைவு என்றது. 2024 இறுதியில் 'லான்செட் சைக்கியாட்ரி'யில் வந்த பெரிய அலசல் 113 ஆய்வுகளை, 14,887 பேரை உள்ளடக்கியது. 12 வாரத்தில் மருத்துவரின் மதிப்பீடு, நோயாளியின் சொந்த மதிப்பீடு இரண்டிலும் அறிகுறிகளைக் குறைத்தவை தூண்டல் வகை மருந்துகளும் அட்டோமாக்ஸெடினும் மட்டுமே. சிபிடி மருத்துவரின் மதிப்பீட்டில் பலன் காட்டியது, நோயாளியின் சொந்த மதிப்பீட்டில் தெளிவாகக் காட்டவில்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? கவனச்சிதறல் என்ற அடிப்படை அறிகுறியை வேகமாகக் குறைப்பதில் மருந்துக்குச் சான்று வலுவாக உள்ளது. அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறமையைச் சிபிடி கற்றுத்தருகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், வேண்டாம் என்பவர்கள், மருந்து எடுத்தும் தடுமாறுபவர்கள் எல்லோருக்கும் அது ஒரு வழி. எது பொருந்தும் என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

"இத்தனை நாள் சமாளிச்சாச்சு, இனிமே என்ன?" என்று தோன்றலாம். விலை எங்கெங்கோ வெளிப்படும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு வேலை சுத்தமாக வரும். ஆனால் மாதாமாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் தவறிப்போகும். தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும். பில் போடாததால் பணம் வராது. கொங்குப் பகுதியில் சொந்தத் தொழில் செய்வது பெருமை. ஆனால் சொந்தத் தொழிலில் கெடு வைத்து வேலை வாங்க மேலே ஒரு ஆள் இல்லை. ஏடிஎச்டி உள்ளவருக்கு அதுவே பெரிய கண்ணி.

சாலையும் இன்னொரு இடம். ஸ்வீடனில் ஏடிஎச்டி உள்ள 17,408 பேரைப் பின்தொடர்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஆண்களுக்கு மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் கடுமையான வாகன விபத்துகளின் ஆபத்து 58 சதவீதம் குறைந்திருந்தது. அவிநாசி ரோட்டில் ஹெல்மெட்டோடு பைக் ஓட்டும்போது மனசு வேறெங்கோ இருந்தால், மறந்த மெயிலை விட அது பெரிய விஷயம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஒருவருக்கு ஏடிஎச்டி இருந்தால் மனைவியோ கணவனோ மெல்ல மெல்ல சூப்பர்வைசராக மாறிவிடுகிறார்கள். ஞாபகப்படுத்துவது, திட்டுவது, கடைசியில் தானே செய்துவிடுவது. இருவருக்குமே சலிப்பு. சிகிச்சையின் ஒரு அமர்வுக்குத் துணையையும் அழைப்பது அதனால்தான்.

வாயால் பத்து முறை சொல்வதை விட, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு முறை எழுதிவைப்பது நல்லது. ஒரே நேரத்தில் மூன்று வேலை சொல்ல வேண்டாம். 'பக்கத்துல உக்காந்தாத்தான் படிக்கும்' என்று குழந்தைகளைச் சொல்வோமே, அது பெரியவர்களுக்கும் உதவக்கூடும். பில் கட்டும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அறிவுரை தேவையில்லை.

அலுவலகத்தில் மேனேஜர் செய்யக்கூடியதும் செலவில்லாதது. வாய்மொழி உத்தரவை இரண்டு வரி மெயிலாக அனுப்பலாம். மாதக் கடைசியில் ஒரு கெடு வைப்பதற்குப் பதில் வாரம் ஒரு சிறிய கெடு வைக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை. எனவே அலுவலகச் சலுகை தானாகக் கிடைத்துவிடாது. பேசித்தான் பெற வேண்டும்.

எங்கே போவது? யாரைப் பார்ப்பது?

கோவை திருச்சி ரோட்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் பகுதியினர் தங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதலில் அணுகலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். சிபிடி தருபவர் பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு செய்தவரா என்று கேட்பது உங்கள் உரிமை. பெரியவர்களுக்கான ஏடிஎச்டி-யில் பழக்கம் உண்டா என்றும் கேளுங்கள். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வாரா வாரம் கோவைக்கு வர முடியாதவர்கள் வீடியோ அழைப்பில் சிகிச்சை பெறலாம். ஆனால் ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளைத் தொலைபேசி, வீடியோ ஆலோசனையில் எழுதித்தர 2020 தொலைமருத்துவ வழிகாட்டி அனுமதிக்கவில்லை. அதற்கு நேரில் போக வேண்டும்.

'கல்யாணம் ஆகாத பையன், வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுப்போயிரும்' என்ற பயம் இங்கே பல வீடுகளில் கதவைச் சாத்திவிடுகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. உடல் நோய்களுக்கு இணையாக மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. எது உள்ளடங்கும் என்பதை உங்கள் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுதாகக் குணமாகுமா?

ஏடிஎச்டி காய்ச்சல் போல வந்து போவதில்லை. பலருக்கு வயதோடு துருதுருப்பு அடங்கும், கவனச்சிதறல் தொடரும். கண்ணாடி போட்டால் பார்வைக் குறை மறைந்துவிடுவதில்லை, ஆனால் பஸ் போர்டைப் படிக்க முடிகிறது. நடத்தை சிகிச்சையின் பலனும் அப்படித்தான். நடுவில் இரண்டு வாரம் நோட்டைத் தொடாமல் போவதும் நடக்கும். அப்போது பழைய குரல் 'அவ்ளோதான், முடிஞ்சுது' என்று சொல்லும். சிகிச்சையில் அதற்கும் பயிற்சி உண்டு. விட்ட நாட்களைக் கணக்குப் பார்க்காமல், இன்றைய தேதியில் நோட்டைத் திறந்தால் போதும்.

நம் மெர்ச்சண்டைசரிடம் திரும்புவோம். ஏழாவது வாரம். காலை பத்தரை மணி. மெயிலைத் திறந்து இரண்டு வரி அடித்திருக்கிறார். வாட்ஸ்அப் மணி அடிக்கிறது. கை போன் பக்கம் போகிறது. பாதி வழியில் நின்று, நோட்டில் 'ஸ்டோர் அண்ணனுக்குப் பதில்' என்று எழுதுகிறார். டைமரில் இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.

10.40-க்கு மெயில் போகிறது. அன்று அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது ஒரு செய்தியே இல்லை.